வீட்டோடு ஒரு வெளிநாட்டுப் பயணம்



சிங்கப்பூரில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்திருந்தார். ஒரு மாலை, தம் தாயாரையும் அழைத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்து ஒரு தாளை என் முன் விரித்தார்.

"ஹஜ்ரத், பிள்ளைகளுக்கு நவம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்குகிறது. உம்மாவையும் கூட்டிக்கொண்டு நியூசிலாந்து போகலாம் என்றிருக்கிறேன். அங்கே படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. நீங்கள் புவியியல் படித்தவர்கள், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

மதரஸாப் பணிக்கு வருமுன் கலைக் கல்லூரியில் நான் புவியியல் பயின்றவன். அந்தக் காலத்து நிலப்பட நூல் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு தாளைப் படித்தேன். வடக்குத் தீவில் ஆக்லாந்தில் இறங்குவது. ரொட்டோருவா வழியாக வெலிங்டன். அங்கிருந்து கப்பலில் தெற்குத் தீவு. கிறைஸ்ட்சர்ச், குவீன்ஸ்டவுன், மில்ஃபோர்ட். மீண்டும் கிறைஸ்ட்சர்ச் வந்து விமானம். மொத்தம் பத்து நாள்கள். தூரத்தைக் கூட்டிப் பார்த்தேன். 2500 கி.மீ.யைத் தாண்டியது. ஓட்டுபவர் ஒருவர், உடன் வருவோர் அவர் மனைவி, ஒன்பது வயது மகன், ஐந்து வயது மகள், முழங்கால் வலியுள்ள 68 வயதுத் தாயார்.

நான் வாய் திறக்குமுன் அந்த அம்மையாரே கேட்டுவிட்டார்கள்: "ஊரைப் பார்க்கப் போறோமா வாப்பா, இல்லே ஓட்டப்பந்தயம் ஓடப் போறோமா?"

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே மூன்று மாலைகள் அமர்ந்து அத்திட்டத்தைத் திருத்தினோம். வெளிநாடுகளில் பணிபுரியும் பிள்ளைகளை உடைய குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுள் எவருக்கேனும் இத்தகைய பயணம் வாய்க்கலாம். எனவே நாங்கள் ஆராய்ந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வண்டி அன்று, வீடு

இத்தகைய வண்டியை ஆங்கிலத்தில் கேம்பர்வேன் என்பர். நாம் வீட்டு வண்டி என்று சொல்லிக்கொள்வோம். எரிவாயு அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, சிறு கழிப்பறை, இரவில் படுக்கையாக விரியும் இருக்கைகள் ஆகிய அனைத்தும் ஒரே கூரையின்கீழ் அடங்கியிருக்கும். விடுதி தேடி அலையும் வேலை இல்லை. நம் சமையலை நாமே செய்துகொள்ளலாம். குடும்பங்களுக்கு இது பெரிதும் உகந்தது என்பதில் ஐயமில்லை.

ஆயின், வீடு என்றால் வீட்டு வேலையும் உடன் வரும் என்பதை மறந்துவிடலாகாது. தண்ணீர் நிரப்ப வேண்டும்; கழிவுநீரை அகற்ற வேண்டும்; இரவில் படுக்கையை விரித்துக் காலையில் மடிக்க வேண்டும்; புறப்படுமுன் ஒவ்வோர் அலமாரியையும் தாழிட வேண்டும். தாழிடாவிட்டால் முதல் வளைவிலேயே பாத்திரங்கள் உருண்டோடும். இவ்வேலைகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்காத திட்டம், தாளில்தான் நிற்கும், சாலையில் நிற்காது.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது "ஆறு பேர் படுக்கலாம்" என்னும் விளம்பரத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். எத்தனை பேர் படுக்கலாம் என்பது ஒன்று. எத்தனை பேர் இருக்கை வார் அணிந்து அமரலாம் என்பது வேறு. இரண்டையும் கேட்டறிய வேண்டும். நியூசிலாந்துச் சட்டப்படி ஏழு வயது நிறையாத குழந்தைக்கு அதற்குரிய தனி இருக்கை கட்டாயம். அவ்விருக்கையை வண்டியின் எந்த இடத்தில் பொருத்த இயலும் என்பதையும் முன்னரே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெரிய வண்டிகளில் ஓட்டுநர் அறைக்கு மேலே ஒரு படுக்கை உண்டு. அதற்கு ஏணியில் ஏற வேண்டும். அது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெரியவர்களுக்கு இயலாத காரியம். எனவே தாயாருக்குக் கீழ்ப்படுக்கை என்று முதலிலேயே முடிவு செய்தோம். வண்டிகள் தங்குவதற்கென அமைந்த விடுமுறைப் பூங்காக்களில் அகன்ற குளியலறை, பொதுச் சமையற்கூடம், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவை உள்ளன. பலவற்றில் சிறு அறைகளும் வாடகைக்குக் கிடைக்கும். பதினான்கு இரவுகளில் நான்கு இரவுகளுக்குத் தாயாருக்கும் பேத்திக்கும் அத்தகைய அறையை எடுப்பதென்று தீர்மானித்தோம். ஒரே அறைக்குள் ஐவர் பதினான்கு நாள்கள் என்பது, எவ்வளவு அன்பான குடும்பத்திற்கும் சோதனையே.

எந்த மாதம்?

நியூசிலாந்து பூமியின் தென்பாதியில் இருப்பதால் அங்குப் பருவங்கள் நமக்கு நேர்மாறானவை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். நம் ஊரில் பள்ளி விடுமுறையான மே மாதம் அங்கே குளிரின் வாசல். தென்பகுதியில் அப்போது பகற்பொழுது பத்து மணி நேரத்திற்கும் குறைந்துவிடும். மலைச் சாலைகளில் பனிப்படலம் உறையும். வளைகுடா நாடுகளில் வாழ்வோருக்கு விடுமுறையான ஜூலையோ நடுக்குளிர்காலம். பனிச் சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் அம்மாதங்களில் வீட்டு வண்டியை எண்ணாதிருப்பதே நலம்.

டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் அந்நாட்டவர்க்கே பள்ளி விடுமுறை. வாடகை உச்சத்திற்கு ஏறும். இடம் கிடைப்பதும் அரிது. நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் பகல் நீண்டிருக்கும். கூட்டம் சற்றுக் குறைவு. அவ்வகையில் என் மாணவரின் தேதிகள் நன்றாகவே அமைந்திருந்தன.

வரைபடத்தின் தூரமும் வழியின் தூரமும்

திட்டத்தின் உயிர்நாடி இதுதான். தெற்குத் தீவின் பரப்பு சுமார் 1,50,000 சதுர கி.மீ. நம் தமிழ்நாடு சுமார் 1,30,000 சதுர கி.மீ. தமிழ்நாட்டைவிடப் பெரிய அத்தீவில் வாழ்வோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் மட்டுமே. நெடுகிலும் தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர் முதுகெலும்பெனக் கிடக்கிறது. அதன் உச்சியான ஆவோராகி என்னும் மவுண்ட் குக் சிகரம் 3724 மீட்டர் உயரமுடையது. மலையைக் குறுக்கே கடக்கப் பெருஞ்சாலைகள் மூன்றே: ஹாஸ்ட், ஆர்தர், லூயிஸ் ஆகிய கணவாய்களின் வழியே செல்பவை.

இதன் விளைவைப் பாருங்கள். குவீன்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டுக்குப் பறவை பறக்கும் நேர்வழியில் தூரம் சுமார் 70 கி.மீ.தான். சாலையிலோ ஏறத்தாழ 290 கி.மீ. செல்ல வேண்டும். மலையைச் சுற்றிக்கொண்டு தெற்கே இறங்கி, டெ அனவ் என்னும் ஏரிக்கரை ஊரை அடைந்து, மீண்டும் வடக்கே ஏற வேண்டும். போக மட்டும் நான்கு மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்புவதாக மாணவர் எழுதியிருந்தார். எட்டு மணி நேரம் சக்கரத்தைப் பிடித்தவர், களைத்த கண்களோடு வளைவுச் சாலையில் தாயையும் பிள்ளைகளையும் ஏற்றிவருவது எத்தகைய ஆபத்து!

ஆகவே வடக்குத் தீவை முற்றிலும் விட்டுவிடுமாறு கூறினேன். அவருக்கு மனமில்லை. "இவ்வளவு செலவு செய்து போய் ஒரு தீவை மட்டும் பார்ப்பதா?" என்றார். "தம்பி, இரண்டு தீவுகளின் சாலைகளைப் பார்ப்பதைவிட ஒரு தீவைப் பார்ப்பது மேல்" என்றேன். தாயாரும் என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். விடுப்பையும் மேலும் சில நாள்கள் கூட்டிக்கொண்டார்.

இறுதியில் பதினான்கு இரவுகளுக்கான திட்டம் இவ்வாறு அமைந்தது. சிங்கப்பூரிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு நேரடி விமானம் சுமார் பத்து மணி நேரம். இரவெல்லாம் பறந்து வந்தவர் அன்றே வண்டி ஓட்டலாகாது. முதல் இரவு விடுதியில் உறக்கம். மறுநாள் வண்டியைப் பெற்று, பொருள்கள் வாங்கி, நகரின் விடுமுறைப் பூங்காவிலேயே தங்கல். பிறகு டெகாபோ ஏரி, 225 கி.மீ.; அங்கே இரண்டு இரவுகள். அடுத்து ஆவோராகி, 105 கி.மீ. அடுத்து குவீன்ஸ்டவுன், 260 கி.மீ.; இரண்டு இரவுகள். அடுத்து டெ அனவ், 170 கி.மீ.; மூன்று இரவுகள். அங்கிருந்து வனாக்கா, 275 கி.மீ. ஹாஸ்ட் கணவாயைக் கடந்து மேற்குக் கரையில் ஃபாக்ஸ் பனியாறு, 260 கி.மீ. ஹோக்கிடிகா, 160 கி.மீ. ஆர்தர் கணவாய் வழியே மீண்டும் கிறைஸ்ட்சர்ச், 245 கி.மீ.

மொத்தம் 1700 கி.மீ. வண்டி நகரும் நாள்கள் எட்டு. மில்ஃபோர்டுக்கு மட்டும் வீட்டு வண்டியை டெ அனவ்வில் நிறுத்திவிட்டுச் சுற்றுலாப் பேருந்தில் செல்வதென முடிவாயிற்று. அன்று ஓட்டுபவரும் மலையைப் பார்க்கலாம் அல்லவா? டெ அனவ்வின் மூன்று இரவுகளில் ஒரு நாளை எந்த வேலையும் எழுதாமல் வெறுமையாக விட்டோம். "இந்த நாள் எதற்கு, ஹஜ்ரத்?" என்று மாணவர் கேட்டார். "மழைக்கு" என்றேன். கடலிலிருந்து வரும் மேற்குக் காற்றை மலை தடுப்பதால் மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. மலைக்குக் கிழக்கே அலெக்ஸாண்ட்ரா என்னும் ஊரிலோ 400 மில்லிமீட்டர்கூடக் கிடையாது.

தண்ணீரும் கழிவும்

சாலையோரத்தில் விரும்பிய இடத்தில் நிறுத்தி உறங்கிவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. இதற்கென 2011ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2023ஆம் ஆண்டு கடுமையாக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்ட பொது இடங்களில் இலவசமாகத் தங்க வேண்டுமாயின், பொதுவாக வண்டிக்குத் தன்னிறைவுச் சான்று இருக்க வேண்டும். அதாவது, மூன்று நாள்களுக்கு வெளியுதவி இன்றி வாழத்தக்க தண்ணீரும், கழிவுநீரைத் தேக்கும் தொட்டியும், வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்ட கழிப்பறையும் வேண்டும். எடுத்து வைக்கும் கழிப்பறை போதாது என்பது 2023ஆம் ஆண்டின் திருத்தம். மீறினால் அபராதம் 400 டாலரிலிருந்து தொடங்கும்.

சமையல் நீரையும் குளித்த நீரையும்கூட மண்ணில் விடலாகாது. ஊர்தோறும் இதற்கென உள்ள கழிவகற்றும் நிலையங்களிலேயே கொட்ட வேண்டும். கழிப்பறைப் பெட்டியை ஐவர் உள்ள குடும்பம் ஏறக்குறைய நாள்தோறும் அகற்ற நேரிடும். யார் செய்வது? இதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் திட்டத்தில் அப்பணி தந்தைக்கும் மகனுக்கும் உரியதாயிற்று.

தன்னிறைவுச் சான்றுக்கான நீரின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் மட்டுமே. நம் வீட்டில் உளூச் செய்யும்போது குழாயைத் திறந்துவிட்டு எவ்வளவு நீரை ஓடவிடுகிறோம்! நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது ஒரு லிட்டரைத் தாண்டாத நீரில் உளூச் செய்தார்கள் என்பதை நாம் படித்திருக்கிறோம். சிறு குவளை ஒன்றைக் கொடுத்து, பயணத்திற்கு ஒரு மாதம் முன்பே பிள்ளைகளைப் பழக்குமாறு சொன்னேன்.

மின்சாரத்தையும் கணக்கிட வேண்டும். விளக்கும் குளிர்பெட்டியும் வண்டியின் மின்கலத்தில் இயங்கும். வண்டி ஓடும்போது அது நிரம்பும். நுண்ணலை அடுப்பு போன்றவை, பூங்காவின் மின் இணைப்பில் செருகினால்தான் பெரும்பாலும் இயங்கும். எனவே இரண்டு இரவுகளுக்கு ஓர் இரவேனும் மின் இணைப்புள்ள இடத்தில் தங்குவது நல்லது.

உணவும் தொழுகையும்

நியூசிலாந்து, ஹலால் முறையில் அறுக்கப்பட்ட இறைச்சியைப் பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. ஆயினும் சிற்றூர்க் கடைகளில் ஹலால் முத்திரையை எதிர்பார்க்க இயலாது. கிறைஸ்ட்சர்ச் போன்ற நகரிலேயே வாங்கி, சிறு பொதிகளாக்கிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். அது தீர்ந்தபின் மீனும் முட்டையும் பருப்பும் கைகொடுக்கும்.

ஊரிலிருந்தே கொண்டுபோகலாம் என்று எண்ணுவோர் எச்சரிக்கையாக இருங்கள். தன் வேளாண்மையைக் காக்க அந்நாடு மிகக் கடுமையான விதிகளை வைத்திருக்கிறது. பழம், தேன், விதை, இறைச்சி போன்றவற்றோடு விமான நிலையத்தில் இறங்கலாகாது. மசாலாப் பொடி, ஊறுகாய் என எந்த உணவாயினும் படிவத்தில் அறிவித்துவிட வேண்டும். அறிவித்தபின் அதிகாரிகள் எடுத்துக்கொண்டால் பொருள் மட்டும் போகும். அறிவிக்காமல் பிடிபட்டால் 400 டாலர் அபராதம். சேறு படிந்த காலணியைக்கூடக் கழுவியே கொண்டுசெல்ல வேண்டும்.

சென்னையில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும். கிறைஸ்ட்சர்ச்சிலோ மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்ந்திருக்கும். திசைகாட்டி ஒன்று உடனிருக்கட்டும். கோடையில் மஃரிப் வேளையே இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் வரும். இஷா நள்ளிரவை நெருங்கும். சுபுஹோ மிக முன்னதாக வந்துவிடும். ஓட்டுபவரின் உறக்கத்தை இதற்கேற்ப அமைக்க வேண்டும். பயணத் தொழுகையின் சலுகைகளைத் தத்தம் மத்ஹபின்படி ஆலிம்களிடம் முன்னரே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கிறைஸ்ட்சர்ச்சில் ஹாக்லி பூங்காவுக்கு எதிரே அந்நூர் பள்ளிவாசல் இருக்கிறது. 2019 மார்ச் 15 அன்று, ஜும்ஆ வேளையில், அங்கும் லின்வுட் பள்ளிவாசலிலும் நடந்த தாக்குதலில் 51 பேர் உயிரிழந்தனர். அப்பள்ளியில் ஒரு ஜும்ஆவை நிறைவேற்றிவிட்டே மலைநாட்டுக்குப் புறப்பட வேண்டும் என்பது தாயாரின் விருப்பம். அதனால்தான் வியாழக்கிழமை சென்று இறங்குமாறு திட்டமிட்டோம்.

சாலையில்

அங்கும் நம்மைப்போல் இடப்பக்கமே ஓட்ட வேண்டும். ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இல்லையெனில் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். ஊருக்கு வெளியே பொதுவான உச்ச வேகம் மணிக்கு 100 கி.மீ.; 3500 கிலோவைத் தாண்டிய பெரிய வண்டிக்கு 90. இவை உச்ச வரம்புகள். வளைவுகளில் அவ்வேகம் கூடாது. வரைபடம் மூன்று மணி என்றால் வீட்டு வண்டிக்கு நான்கு மணி என்று எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுவது அங்கே ஓட்டுநரின் கடமை.

ஒற்றை வழிப் பாலங்கள் அங்கே மிகுதி. வட்டமான பலகையில் நம் திசைக்குரிய அம்பு சிவப்பாகச் சிறுத்திருந்தால் நாம் நின்று எதிர்வண்டிக்கு வழிவிட வேண்டும். நீலச் சதுரப் பலகையில் நம் அம்பு வெள்ளையாகப் பெருத்திருந்தால் நமக்கு முன்னுரிமை. அப்போதும் எதிரே பார்த்தே நுழைய வேண்டும். மலைவழிகளில் பல இடங்களில் கைப்பேசி இயங்காது. எனவே தாளில் அச்சிட்ட வரைபடம் ஒன்று கையில் இருக்கட்டும். டெ அனவ், வனாக்கா போன்ற ஊர்களில் எரிபொருளை நிரப்பிக்கொண்டே அடுத்த நெடுவழியில் இறங்குங்கள். அவசர உதவிக்கு எண் 111.

செலவைக் கணக்கிடும்போது வாடகையோடு நின்றுவிடாதீர்கள். டீசல் வண்டிக்கு ஓடிய தூரத்தின்படி தனியே சாலைக் கட்டணம் உண்டு. 2024ஆம் ஆண்டு நிலவரப்படி இது சிறு வண்டிகளுக்கு 1000 கி.மீ.க்கு 76 நியூசிலாந்து டாலர்; நம் 1700 கி.மீ.க்குச் சுமார் 130 டாலர். பார்வையாளர் கட்டணமும் 2024 அக்டோபரில் ஆளுக்கு 100 டாலராக உயர்த்தப்பட்டது. விபத்தில் காயமுற்றால் அந்நாட்டின் பொதுத் திட்டம் பயணிகளின் சிகிச்சைச் செலவுக்கும் உதவுகிறது. நோய்க்கு அது பொருந்தாது. ஆகவே முதியோரை அழைத்துச் செல்வோர் மருத்துவக் காப்பீடின்றிப் புறப்படலாகாது. வண்டியின் காப்பீட்டில் கூரைச் சேதமும் மண்சாலையும் அடங்குமா என்பதைக் கையொப்பமிடுமுன் படித்துவிடுங்கள்.

திரும்பி வந்தபின்

அல்ஹம்துலில்லாஹ், அக்குடும்பம் நலமுடன் சென்று திரும்பிற்று. டெ அனவ்வை அடைந்த மறுநாள் கனமழை. மில்ஃபோர்டுச் சாலை மூடப்பட்டது. வெறுமையாக விட்டிருந்த நாள் அதற்கடுத்த நாளே. அன்று மழை ஓய்ந்து சாலை திறந்தது. பாறைகளின் உச்சியிலிருந்து நூற்றுக்கணக்கான அருவிகள் ஒருசேர இறங்குவதைக் கண்டார்களாம். அந்த ஒரு நாளை நிரப்பி வைத்திருந்தால், மில்ஃபோர்டை இழந்திருப்போம். அல்லது இழக்க மனமின்றி மழையோடு பந்தயம் ஓடியிருப்போம் என்று மாணவர் எழுதியிருந்தார்.

ஊர் திரும்பிய தாயாரிடம், "எந்த இடம் பிடித்திருந்தது?" என்று கேட்டேன். ஏரியையோ பனிமலையையோ சொல்வார்கள் என்றிருந்தேன்.

"போனில் பேசும்போது பேரப்பிள்ளைகள் சிரிக்கிறதை மட்டும்தான் பார்த்திருக்கேன், ஹஜ்ரத். இந்தப் பதினாலு நாளும் அதுக சண்டை போட்டதையும் பார்த்தேன், சமாதானம் ஆனதையும் பார்த்தேன்" என்றார்கள்.

வாசகர்களே! நீங்களும் ஒரு நாள் இத்தகைய பயணத்திற்குத் தாளை எடுப்பீர்களாயின், எங்கே போவது என்று எழுதுமுன் எங்கே நிற்பது என்று எழுதுங்கள். வெறும் நாள் ஒன்றுக்கும் அத்தாளில் இடம் விடுங்கள்.